புங்கமரத்தடியில் பெண் பார்த்தார்கள்

காகம் தலையில் தட்ட வரும்போது சத்தமே கேட்காது. உச்சந்தலையில் சில்லென்று ஒரு காற்று படும், என்னவென்று நிமிர்வதற்குள் அடி விழுந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், பனி இன்னும் விலகாத அந்த மாசி மாதம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டதும் நான் புங்கமரத்துக் காக்கைக் கூட்டைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். சுள்ளியும் கட்டுக்கம்பியுமாகப் பின்னிய கூடு. அதிலிருந்து ஒரு குஞ்சு வெளியேறித் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்துகொண்டு, பறக்கவும் தெரியாமல் திரும்பவும் முடியாமல், சிவந்த வாயைப் பிளந்து கத்தத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே யார் போனாலும் தாயும் தகப்பனும் விட்டுவைக்கவில்லை. பூங்காக் காவல்காரர் மழையில்லாத நாளிலும் குடையை விரித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவார்.

எங்கள் ஊரில் காகம் தலையில் தட்டுவது சின்ன விஷயமில்லை. "சனி பிடிச்சிருச்சு" என்பார்கள். தலைமுழுகி, கோயிலில் எள் விளக்குப் போட்டால்தான் மனசு ஆறும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு முன் இரண்டு இடத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் போய், பதிலே சொல்லவில்லை. தெருவே துக்கம் விசாரித்தது. அதனால் இந்தத் தடவை, "பூங்காவுல தற்செயலாப் பாத்த மாதிரி இருக்கட்டும், பிடிச்சாப் பொறவு வீட்டுக்கு வரட்டும்" என்று அப்பா முடிவு செய்தார். அக்காவுக்கு மாப்பிள்ளையின் போட்டோ பிடித்துப்போயிருந்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏட்டி, இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா இனி எவன் முன்னாலயும் போய் நிக்க மாட்டேன்."

நாங்கள் போனபோது அவர்கள் முன்னாலேயே வந்து, நிழலாக இருக்கிறதே என்று, சரியாக அந்தக் கிளைக்குக் கீழே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, அங்க வேண்டாம், காக்கா கொத்தும்" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா சிரித்த முகம் மாறாமல் என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். வந்தவர்களை வந்ததும் வராததுமாக எழுப்பிவிடுவதாவது!

பேச்சு நன்றாகத்தான் போனது. அக்கா தலைகுனிந்து நின்றாள். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சு கால் தடுமாறிச் சறுக்கி, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பின்னால் பெஞ்சின் சாய்மானத்தில் வந்து விழுந்தது. அந்த அம்மாள் திடுக்கிட்டுக் கையை வீசினார். எதிர் மின்கம்பியிலிருந்து தாய்க்காக்கை நேராகக் கிளம்பியது. அக்கா சட்டென்று முன்னால் பாய்ந்து, அந்த அம்மாளின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தாள். அடி அக்காவின் உச்சியில் விழுந்தது. மல்லிகைச் சரம் சிதறியது. வகிட்டில் ரத்தம் துளிர்த்து நின்றது.

எல்லோரும் தள்ளிப்போய் நின்று மூச்சு வாங்கினோம். அந்த அம்மாள் தன் தலையைத் தடவிப் பார்த்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு சொன்னார்: "பொண்ணு தலையில காக்கா தட்டிருச்சே. சகுனம் மனசுக்கு ஒப்பலை. கலந்து பேசிட்டுப் பொறவு சொல்லுதோம்." அது யாருக்கு விழ வேண்டிய அடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவருடைய அம்மா முறைத்ததும் மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பதில் வரவில்லை. அக்காவும் அதற்குப் பிறகு அலங்கரித்துக்கொண்டு யார் முன்னாலும் போய் நிற்கவில்லை. மில் ஆபீஸ் வேலை, தன் சம்பாத்தியத்தில் கட்டிய சின்ன வீடு என்று இருந்துவிட்டாள். அந்தப் புங்கமரம் இப்போது இல்லை. நடைபாதை போட வெட்டிவிட்டார்கள். மாசி பிறந்தாலும் குஞ்சுக் காக்கையின் கத்தல் கேட்பதில்லை. பெண் பார்ப்பது பாதி வீடியோ காலிலேயே முடிந்துவிடுகிறது. போன மாசியில் அக்காவோடு அங்கே நடந்துகொண்டிருந்தபோது, அன்றைக்கு நீ பேசாமல் நின்றிருக்கலாமே என்று கேட்டேவிட்டேன்.

அக்கா நடையை நிறுத்தவில்லை. "அந்தக் காக்கா தன் குஞ்சுக்காக அம்புட்டுப் பேரையும் எதுத்து வந்துச்சு. அந்த ஆளு எனக்காக ஒரு வார்த்தை பேசலை. கல்யாணம் ஆன பொறவு இது தெரிய வந்திருந்தா, நான் என்னட்டி செஞ்சிருப்பேன்?"