டாக்டரய்யா சொன்ன சிப்பாய்

சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, முன்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது பண்டாரவளை பஸ். எங்கள் தோட்டமோ ஸ்பிரிங்வெளிப் பாதையில் இருக்கிறது. ஹாலி எலயில் இறங்கித் திரும்பி வந்து, நான் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். அழுவதா, பஸ் மாறிய கதையைச் சொல்வதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அண்ணன் இருந்திருந்தால் அந்தக் கதையை வைத்தே ஒரு மாதம் என்னைக் கேலி செய்திருப்பார்.

அவர் எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சராக இருந்தவர். தோட்டமே அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டது. தான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை, அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர். மருந்தகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆகவே அவர் பேசிய பேச்சில் பாதியை நான் அவரைப் பார்க்காமலே கேட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் மருந்து கட்டிக்கொண்டவர்கள். அந்தக் குரலை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

காயத்தைக் கழுவும்போது அவர் கதை சொல்லுவார். "எரியுறப்ப ஆளுக்கு நெனப்ப வேற பக்கம் திருப்பிவிடணும் டீச்சர். அதுவும் மருந்துதான்" என்பார். சொன்னது பெரும்பாலும் ஒரே கதை. பிரான்சு தேசத்துப் புரட்சியைப் பற்றிய தடித்த ஆங்கில நாவல் ஒன்று அவரிடம் இருந்தது. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் சனங்கள், மாவைப் பூட்டி வைத்த வியாபாரி, ரொட்டிக் கடை வைத்திருந்த ஒரு விதவை, ராஜாவின் படையில் இருந்த ஒரு சிப்பாய். அந்த விதவையின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவள் மார்த்தா ஆனாள், சிப்பாய் அந்தோணி ஆனான். கொஞ்ச நாளில் மார்த்தா நம் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் குடியிருந்தாள் என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. கதையின் மிச்சத்தைக் கேட்பதற்காகவே இருமிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு பாட்டில் மருந்து கிடைக்கும்.

ராஜாவை ஏன் கவிழ்த்தார்கள் என்று ஒரு நாள் ஒருவர் கேட்டதற்கு, "பசிச்ச கூட்டத்துக்கு ராஜா பேரு கூடத் தெரிய வேண்டியதில்லீங்க" என்றார். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தோம். சில வருடங்களுக்கு முன் நாட்டில் எல்லாமே வரிசையாகிப் போனதே, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் தோட்டத்து லூர்தம்மாவின் மகன் ஜெயசீலன் அப்போது அங்கே போலீசில் இருந்தான். டிவியில் தொப்பி போட்ட எவனைக் கண்டாலும் அவளுக்கு அது அவன்தான்.

காலில் அட்டை கடித்த புண்ணோடு அவள் மருந்தகத்துக்கு வந்தாள். புண் ஆறியபிறகும் வந்தாள். மாவுக் கிடங்கின் முன்னால் சனங்கள் கூடியிருக்கிறார்கள், சுடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்ற இடத்தில் கதை நின்றிருந்தது. லூர்தம்மா கேட்டது பலகைச் சுவர் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அய்யா, அந்தோணி சுட்டானா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க."

சீசாக்களை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "சுடல. துப்பாக்கியக் கீழ வச்சிட்டான்" என்றார்.

"அப்புறம்?"

"அவன் ஆளுங்களே அவனச் சுட்டுட்டாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் போன பிறகு நேரே போய்க் கேட்டேன். "ஏங்கண்ணே, மகன் போலீசுல நிக்கிற பொம்பளகிட்ட இதயா சொல்றது? பொழச்சான்னு ஒரு வார்த்த சொன்னா என்னா கொறஞ்சி போகும்?" அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னா செய்ய டீச்சர், கத அப்படித்தானே போகுது" என்றார். எழுதி வைத்திருப்பதை அவர் என்ன செய்வார் என்று நானும் திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் லூர்தம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அந்த வருடம் நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசைக்கு எல்லோரும் தங்கள் வீட்டு ஆத்துமாக்களின் பெயர்களைக் கோயிலில் கொடுத்தோம். பாதர் வாசித்துக்கொண்டே வந்தார். லூர்தம்மாவின் புருஷன் பெயர், மாமனார் பெயர், அதற்குப் பின்னால் "சிப்பாய் அந்தோணி." நான் திடுக்கிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி எல்லோரையும் போல மன்றாடிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒரு பெரியவர், அந்தோணியைத் தனக்கு நன்றாகத் தெரியும், தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கில் இருந்தவன், நல்ல பையன் என்றார். கதையில் வந்தவனுக்குப் பூசை செல்லுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "வேண்டினது வீணாப் போகாது டீச்சர். யாருக்காவது போய்ச் சேரும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அந்தோணியின் பெயர் வாசிக்கப்பட்டது.

அண்ணனின் மகள் ஸ்டெல்லா எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் போனபின் என்னிடம் வந்து, அப்பாவின் நாவலை முழுவதும் படித்துவிட்டதாகச் சொன்னாள்.

"டீச்சர், அதுல அந்தச் சிப்பாய் சுடுறான். கூட்டத்துல முன்னால நின்ன ஒருத்தர் செத்துப்போறாரு. இவன் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் கட்டி, வயசாகிச் சாகுறான். அப்பா ஏன் மாத்திச் சொன்னாரு?"

மாற்றுவது என்று முடிவு செய்தவர் அவனைப் பிழைக்க வைத்திருக்கலாமே. சுடாமல் சாகிற மகனையா ஒரு தாய்க்குக் கொடுப்பது? யோசிக்க யோசிக்க அவர் மேல் கோபம் வந்தது, செத்தவர் மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது. லூர்தம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள் ஸ்டெல்லா. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். எப்போதைக்கு என்று எனக்கே தெரியாது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஜெயசீலன் லீவில் வந்திருந்தான். அந்தக் கலவரக் காலத்தில் என்ன நடந்தது என்று அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான். பூசை முடிந்து சனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், ஸ்டெல்லா அந்தப் பொஸ்தகத்தப் படிச்சிருச்சாமே. அந்தோணி என்னா செஞ்சான்?"

லூர்தம்மா கொஞ்சம் தள்ளிப் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, "சுடல தம்பி. துப்பாக்கியக் கீழ வச்சிட்டான்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது.

"அய்யா எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. நான் மொதல் தடவ லீவுல வந்தப்ப கூப்பிட்டு ஒக்கார வச்சிச் சொன்னாரு. சுட்டான், ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தான், கல்யாணம் கட்டினான்னு. அது பொய்யா?"

அவன் போகவும் இல்லை, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"இல்லப்பா, அய்யா சொன்னதுதான் சரி. பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பந்தியின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர்."

சவரிமுத்து அண்ணனைத் தெரிந்தவர்களே, அவர் செய்தது சரியா என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சிப்பாய்தான். தாய்க்கு ஒருவனாகவும் மகனுக்கு ஒருவனாகவும் அவனை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும். இந்த நவம்பரில் பாதர் அவன் பெயரை வாசிக்கும்போது லூர்தம்மாவும் ஜெயசீலனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். நடுவில் நான் உட்கார்ந்துகொள்வேன்.