இரண்டு கோடுகளில் ஒரே மேடு

என் மனைவி நான்கு வருடமாக ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டிருந்தாள். இது அவளுடைய வார்த்தை, என்னுடையது அல்ல.

கணினிக்குள், தகவலைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி டிரைவ் ஒன்று இருப்பதாக அந்தக் கணினியையே நம்பவைக்கும் நிரல் அது. லேப்பில் அதற்கு எமுலேட்டர் என்று பெயர். டிரைவ் எதுவும் கிடையாது. சர்வரின் மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்கு முன்னால் டிரைவைப் போலவே பேசும் நிரல் ஒன்றை நிறுத்தியிருந்தாள். கணினி எதையாவது எழுதச் சொன்னால் அது கேட்ட மாத்திரத்தில் எழுதிவிடும். ஆனால் முடிந்தது என்று உடனே சொல்லாது. அசல் டிரைவ் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் சொல்லும்.

"வேலய முடிச்சிட்டு, முடிக்காத மாதிரியே உக்காந்திருக்கணும். அவ்ளோதான் அதோட வேல" என்றாள் ஒருமுறை.

"எங்க ஆபீஸ்ல அதுக்கு ஜாஸ்தி பேர் இருக்காங்களே."

"அவுங்க முடிக்காமயே உக்காந்திருப்பாங்க. இது முடிச்சிட்டு உக்காந்திருக்கும்."

நான் கடலூரில் ஒரு நாளிதழின் செய்தியாளன். அவள் தினமும் காலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அண்ணாமலை நகர் பக்கம் இருந்த லேப்புக்குப் போவாள். அசல் டிரைவை வைத்தே ஆராய்ச்சி செய்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். கடையில் கிடைக்கும் டிரைவின் உள்ளே என்ன நடக்கிறது என்று தயாரித்தவர்கள் காட்டமாட்டார்கள். மாற்றவும் விடமாட்டார்கள் என்றாள். எஸ்எஸ்டி என்பது நிறையக் கரும்பலகைகளை அடுக்கியது மாதிரி, அதில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாதாம். அழித்தால் பலகை முழுவதையும் துடைக்க வேண்டும். அதற்கு முன் அதில் வேண்டிய வரிகளை வேறு பலகைக்குப் படியெடுக்க வேண்டும். இந்தத் துடைப்பு எப்போது நடக்க வேண்டும், எந்தப் பலகையில் தொடங்க வேண்டும் என்பதில்தான் அவளுடைய ஆராய்ச்சி. தன் முறையைப் போட்டுப் பார்க்க, உள்ளே கை வைக்க விடுகிற ஒரு டிரைவ் தேவைப்பட்டது. அதனால் பொய்யாக ஒன்றைச் செய்துகொண்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசித் தேதி அந்த மாத இறுதியில் இருந்தது. மகள் பிறந்த வருடம் ஒருமுறை தேதியை நீட்டித்து வாங்கியாயிற்று. கடலூரிலேயே ஒரு கல்லூரியில் வேலைக்குப் பேசி வைத்திருந்தாள். சமர்ப்பித்ததற்கான சான்று கையில் இருந்தால் ஜூனில் சேரலாம் என்றிருந்தார்கள். தினசரி பஸ் பயணம் நின்றுவிடும். மகளைப் பள்ளியில் அவளே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். எங்கள் வீட்டில் அந்த மாதம் எல்லாப் பேச்சும் அந்தத் தேதியில்தான் போய் முடிந்தது.

அவளுடைய கைடு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எமுலேட்டர் அசலைப் போலவே நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு நேரடி ஒப்பீடு வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற முடிவுகளை யாரும் நம்பத் தேவையில்லை என்பார். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து பத்து நாள் இரவலாக ஒரு டிரைவ் கொரியரில் வந்தது. பள்ளிக்கூட ஸ்கேலில் பாதி நீளம் இருந்தது. அதை எடுக்கும்போதெல்லாம் முதலில் மேசையின் இரும்புக் காலைத் தொட்டுக்கொள்வாள். கையிலுள்ள மின்சாரம் டிரைவில் பாய்ந்துவிடக் கூடாதாம்.

அந்த டிரைவ் தன்னைப் பற்றிக் கணினியிடம் சொல்லிக்கொள்ளும் அறிமுகம் ஒன்று உண்டு. மாடல் என்ன, கொள்ளளவு என்ன, வரிசை எண் என்ன என்று. அவள் அதை அப்படியே எமுலேட்டருக்கும் படியெடுத்துக் கொடுத்தாள். பெயரைப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றனவாம். வரிசை எண்ணைக்கூட விடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று முதலில் எமுலேட்டரை அளந்து முடித்தாள். அசலை அளக்க இருந்த நாள் மதியம் மழை பிடித்தது, கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் திரும்ப எழுந்த பிறகு அளவைத் தொடங்கினாள். நான்கு நாள் ஓடியது. டிரைவைப் பழைய பஞ்சுப் பெட்டியிலேயே வைத்துப் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பினாள். முடிவுகளை வரைபடமாகப் போட்டபோது இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும், கடலோரம் கிள்ளை என்ற ஊரிலிருந்து வருகிற பெண் கைதட்டிவிட்டு, சிதம்பரம் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அத்தியாயத்தின் அச்சுப்படியைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். நான்கு வருடம் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தவன் நான். புரியாத விஷயத்திலும் பிழை பார்க்க வரும். எழுத்துப்பிழைகள் பன்னிரண்டு கண்டுபிடித்தேன். பிறகு வரைபடத்தில் நின்றேன்.

நீலக் கோடு எமுலேட்டர், சிவப்புக் கோடு அசல். சிவப்பைத் தேடவேண்டியிருந்தது, நீலத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. இரண்டும் சமதரையாகப் போய், சீரான இடைவெளிகளில் சின்னதாக ஒரு மேடு ஏறி இறங்கின. மேடுகளும் ஒன்றின்மேல் ஒன்று.

"இந்த மேடு என்னா?"

"அதுவா, சர்வர்ல மணிக்கு ஒருதரம் ஒரு பேக்கப் வேல ஓடும். எமுலேட்டர் ஓடுற ப்ராசஸர புடுங்கிக்கும். அதனால கொஞ்சம் லேட்டாவும். அடிக்குறிப்புல போட்டிருக்கேன் பாருங்க."

"அசல் டிரைவுக்கும் ப்ராசஸர் அதுதானா?"

"இல்ல. அதுக்குள்ளயே தனியா ஒண்ணு இருக்கும்."

"அப்ப அதுல ஏன் மேடு வருது?"

அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் அப்போது அவளிடம் கிள்ளைக் கதையைச் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாவட்டத்தில் ஒரே நேரத்தில் நாலு கூட்டம் நடந்தால் வெவ்வேறு பேப்பர் நிருபர்கள் நாலு பேரும் நாலுக்கும் ஓடுவதில்லை. ஒருவர் போவார், எழுதியதை வாட்ஸ்அப்பில் போடுவார், மற்றவர்கள் முதல் பாராவை மட்டும் மாற்றி அனுப்புவோம். கிள்ளையில் மீனவர் குறைதீர் கூட்டம் ஒன்று சமுதாயக் கூடத்தில் நடந்ததாக அவர்களில் ஒரு நண்பர் எழுதினார். நானும் எழுதினேன். உண்மையில் மழைக்குக் கூடம் ஒழுகியதால் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நண்பரும் போயிருக்கவில்லை. சரியான செய்தி இரண்டு பேப்பரில் வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரே தப்பு இரண்டிலும் வந்ததும், மறுநாளே கிள்ளையிலிருந்து ஒருவர் போன் செய்து, "உங்கள்ல யார் சார் வந்தது?" என்று கேட்டார்.

"நீங்க போவலன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள்.

"இப்பதான் சொல்றேன்."

அவள் மடிக்கணினியைத் திறந்து சர்வரின் பழைய பதிவுகளை இறக்கினாள். மகள் அவள் தோளில் சாய்ந்து கார்ட்டூன் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கணினி எழும்போது எந்த டிரைவ் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குப் பூஜ்யம் என்று எண் தரும், அடுத்ததற்கு ஒன்று. முதல் சில நாள் கணினி எழுந்த பிறகு எமுலேட்டரை அவள் கையால்தான் ஏற்றினாள். அதனால் அசல்தான் பூஜ்யம். ஒவ்வொரு முறையும் ஏற்றுவானேன் என்று இடையில் அதைத் தானாக ஏறும்படி வைத்திருந்தாள். கரண்ட் போய் வந்தபோது எமுலேட்டர் முந்திக்கொண்டது. அசல் விழிப்பதற்குள் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய அளவு நிரல் பூஜ்யத்தைத்தான் அளந்தது. மாடல், வரிசை எண் எல்லாம் சரிபார்த்திருந்தாள். எல்லாம் பொருந்தின. அவளே படியெடுத்துக் கொடுத்தவை.

பொய்யைப் பொய்யோடு ஒப்பிட்டு நான்கு நாள். அசல் டிரைவ் அந்த நான்கு நாளும் பக்கத்து ஸ்லாட்டில் சும்மா இருந்திருக்கிறது.

கிள்ளைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் சொன்னாள்.

"அக்கா, மேட்ட மட்டும் எடுத்துட்டா? யாருக்கு தெரியப் போவுது? எப்படியும் நம்பர் கிட்டத்தட்ட அதேதான் வரும்."

"வரலாம்."

"தேதிக்கு ஒம்போது நாள்தான்கா இருக்கு. மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவர்தான்டி கண்டுபுடிச்சதே."

"நல்லா பாத்தீங்க மாமா பிழைய" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.

ஜூனை நானும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுத்துப்பிழைகளோடு நிறுத்தியிருக்கலாம் என்று அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஒருமுறை தோன்றியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு வண்டியில கொண்டுபோய் விடுறீங்களா? பஸ்ஸுல போற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல" என்றாள்.

மறுநாள் லேப்பில் கைடு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பதிவுகளைப் படித்தார்.

"டிரைவ் எங்கம்மா?"

"திருப்பி அனுப்பிட்டேன் சார்."

"நீயா பாத்தது?"

"இவரு சார்."

என்னைப் பார்த்தார். "நீங்களும் கம்ப்யூட்டர் சயின்ஸா?"

"பேப்பர் சார்."

"வரிசை எண்ணையும் ஏம்மா காப்பி பண்ண?" என்று அவளைக் கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"முழுசா இருக்கட்டும்னு சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே, நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்து முன்னால் தள்ளினார்.

பெங்களூரில் டிரைவ் வேறொருவர் வேலையில் இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் தேதி போய்விட்டது. கல்லூரியில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். நல்லவிதமாகத்தான் சொன்னார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. ஜூனில் மகளை நான் பள்ளியில் விட்டேன். அவள் வழக்கமான பஸ்ஸைப் பிடித்தாள்.

டிரைவ் வந்த அன்று அளவைத் தொடங்கும் முன் இரண்டு காரியம் செய்தாள். எமுலேட்டரின் வரிசை எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'பொய்' என்று வைத்தாள். அசல் டிரைவின் மேல் ஒரு பச்சை டேப் ஒட்டினாள். கிள்ளைக்காரப் பெண் அதற்குப் பொட்டு வைத்துவிட்டதாக மனைவி சொன்னாள். நம்புவதா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்தேன். இறங்கியதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டீக்கடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பகுதி தூரம் இரண்டு கோடுகளும் அருகருகே போயின, தொட்டுக்கொள்ளவில்லை. வலது ஓரத்தில், டிரைவ் நிறைந்து துடைப்பு வேலை நெருக்கும் இடத்தில், சிவப்பு மட்டும் ஒழுங்கில்லாமல் துள்ளித் துள்ளி எழும்பியது. நீலம் எதுவும் அறியாததுபோல் கீழேயே போய்க்கொண்டிருந்தது.

"அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று அந்த ஓரத்தில் விரலை வைத்தாள். "கண்டுபுடிக்க ஆறு மாசம் ஆவும்."

நான் மேட்டைத் தேடினேன். நீலத்தில் இருந்தது. சிவப்பில் இல்லை.