பெட்டிக்குள் வைத்த பாட்டு

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரி. அங்கே கொழுந்து அரைக்கிற ரோலர் மெசினுக்குப் பக்கத்திலேயே இருபத்தாறு வருசம் நின்றவர் சோலைமலை. காது பாதி மந்தம். அந்த மனுசனுக்கு வாய்த்த மகளைப் பாருங்கள், அந்த மெசின் சத்தத்தையே பாட்டாக்கினாள்!

மகள் லோஜினிக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. லீவுக்கு வந்தால் பெக்டரிக்குப் போய் ரோலர் உறுமுவதைப் பதிவு பண்ணுவாள். அதை லெப்டொப்பில் வெட்டி ஒட்டி, இடி மாதிரி டிரம் சேர்த்து எட்டுப் பாட்டில் ஒரு இசை அல்பமே செய்துவிட்டாள். போட்டால் லயத்து வீட்டு வரிசையே அதிரும்.

"காதுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடி. இத பாட்டுன்னு வெளிய சொல்லிராத" என்றார் சோலைமலை, அவள் அனுப்பியதைக் கேட்டுவிட்டுப் போனில்.

"போன்ல அனுப்புனது சுருக்குனதுப்பா, பாதி காணாமப் போயிரும். பென் டிரைவ்ல முழுசா இருக்கு. தீவாளிக்கு வர்றப்ப கொண்டாறேன், ஹெட்போன் மாட்டிக் கேளுங்க, ஒண்ணும் குறையாது."

"குறைஞ்சா நல்லதுதான் தாயி!"

தீபாவளிக்கு முதல் வாரம் டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது. இருபத்து மூன்று வயது, பாவி மகள்.

செத்தவர்கள் ஆசைப்பட்டதைப் பெட்டிக்குள் வைத்துப் புதைப்பது தோட்டத்து வழக்கம். அம்மா லெட்சுமி புதுச் சல்வாரை வைத்தாள். கொழும்பிலிருந்து அவள் பையோடு வந்த அந்த பென் டிரைவையும் ஹெட்போனையும் சோலைமலை தலைமாட்டில் வைத்தார். நக்கலடித்த வாய்க்கு அதுதான் பரிகாரம் என்று நினைத்தார்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நிலக்ஷி வந்தாள். கொழும்பில் லோஜினியோடு ஒரே அறையில் இருந்தவள்.

"பென் டிரைவ் எங்க அங்கிள்? லெப்டொப் பழுதாயி எல்லாம் அழிஞ்சிருச்சு, அதுல மட்டுந்தான் இருக்கு. கடைசிப் பாட்டுல ரோலர் சத்தத்துக்கு அடியில உங்ககிட்ட மெதுவா ஏதோ பேசியிருக்கா. சுருக்குனதுல அது அமுங்கிப் போச்சு."

"என்ன பேசியிருக்கா?"

"என்னன்னு அவகிட்டயே கேட்டேன். அப்பாதான் மொதல்ல கேக்கணும்னு சொல்லிட்டா."

சோலைமலை போனைக் காதோடு வைத்து அழுத்தினார். கடைசிப் பாட்டை நாலு தடவை போட்டார். ஒரே இரைச்சல்.

"மம்பட்டிய எடுடி" என்று எழுந்தார்.

லெட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசம் பூரா மழைங்க. உள்ள என்ன மிஞ்சியிருக்கும்? புள்ளைய நிம்மதியா விடுங்க."

அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எம்புள்ள எங்கிட்டப் பேசுனத, நானே எங்கையால பொதைச்சிட்டேனே லெட்சுமி!"