பத்தாவது வரி

இந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் பட்டுக்கடைக்குப் பயிற்சிக்கு வந்த நான்கு பெண்களோடு ஒரு தாளும் வந்தது. நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்த தாள். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் எழுத்து வெளுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்த புது சார் வயதில் சின்னவர். "மேடம், இதெல்லாம் க்ளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டோம். உங்களுக்கு வேல கம்மி" என்று சிரித்தபடி அதை என் கையில் கொடுத்தார். 'பட்டுக்கடையில் தவிர்க்க வேண்டிய சொற்கள்' என்று தலைப்பு. கீழே ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருந்தது. 'ழ'வின் வாலைக் கூடுதலாக ஒரு சுற்று சுழித்துவிடும் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எழுத்தைவிட அந்த வரிகளை நன்றாகத் தெரியும். முதல் ஒன்பதும் நான் வாயால் சொன்னவை. பத்தாவதை நான் சொல்லவில்லை. தெரிந்தும், "இது யார் எழுதனது சார்?" என்று கேட்டேன். "தெரியல மேடம், ஃபைல்ல இருந்துச்சி" என்றார்.

எழுதியவர் டீச்சர். இந்தக் கடையில் எத்தனையோ டீச்சர்கள் புடவை எடுத்திருக்கிறார்கள். ஆனால் வெறுமனே டீச்சர் என்று சொன்னால் என் மனதில் வருவது அவர் ஒருவர்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் டீச்சர் என்பேன். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அலுவலக வேலை, வியாபாரம், வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் சொல்லித் தருகிற பிரிவு, அதற்குத் தற்காலிகமாகப் போட்டிருந்த டீச்சர். மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற இடம் என்று ஊரில் அதற்குப் பெயர். பிள்ளைகளே "நாங்க தொழில் குரூப்புக்கா" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அந்தப் பாடத்தில் வெளிப்பயிற்சி என்று பத்து நாள் உண்டு. ஏதாவது ஒரு கடையிலோ ஆபீசிலோ உட்கார்ந்து வேலை பழகிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்? டீச்சர்தான் ஒவ்வொரு வருடமும் காந்தி ரோட்டில் கடை கடையாகப் படி ஏறி இறங்குவார். ஓரிக்கையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே பாதி நாள் முடிந்தவர் மாதிரி இருப்பார். கைப்பையில் தண்ணீர் பாட்டிலும், நீளமான நோட்டு ஒன்றும், முந்தானையால் துடைத்துத் துடைத்து மங்கிப்போன கண்ணாடியும். "நாலு பிள்ளைங்கள மட்டும் எடுத்துக்குங்க சார், தொந்தரவு குடுக்காதுங்க" என்று எங்கள் முதலாளியிடம் அவர் நின்றுகொண்டே கேட்பதைப் பார்க்கும்போது, இவர் வேலை கொடுக்கச் சொல்கிறாரா, வேலை கேட்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

முதலாளி ஒத்துக்கொண்டார். பழக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஒன்பதாவது அரைப் பரீட்சையோடு நின்றவள். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தால் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கையில் புத்தகம் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது? முதல் வருடம் பயிற்சி முடிந்ததும் டீச்சர் சான்றிதழை நீட்டினார். 'பயிற்சி அளித்தவரின் கல்வித் தகுதி' என்று அதில் ஒரு கட்டம். ஒன்பதாவது என்று போட்டால் பிள்ளைகளின் சான்றிதழே செல்லாமல் போய்விடுமோ என்று அதை மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் டீச்சர் வந்து, வெறுமையாக இருந்த கட்டத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, பேனாவை எடுத்து 'பதினாறு ஆண்டு விற்பனை அனுபவம்' என்று எழுதினார். "இதுக்குப் போயா தூங்காம இருந்தீங்க? கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார். அவ்வளவுதான். அதை நான் மறக்கவில்லை. மறக்காமல் இருந்தும் என்ன பிரயோசனம் என்பதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வருடம் வந்த நால்வரில் ஒன்று, பக்கத்துக் கிராமம் முசரவாக்கத்துப் பெண். அம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவர். அந்தப் பெண்ணுக்குப் புடவை பிரிக்கும் கை அப்படி அமைந்திருந்தது. ஒரு உதறில் முந்தானை முழுதும் விரிப்பில் விழும், மடிக்கும்போது பழைய மடிப்பின் மேலேயே மடிப்பு உட்காரும். எனக்கு அந்தக் கை வர ஒரு வருடம் ஆயிற்று. அதற்கு மூன்றே நாள். எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களில் நன்றாக இருக்கிற ஒருவருக்கு, ப்ளஸ் டூ முடித்ததும் வேலை. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். "அக்கா, எனக்குத் தருவாங்களாக்கா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டது. "எதிர்ல பஸ் நிக்கிற கடை. எங்கம்மா சாயங்காலம் கவலப்படாது."

ஆறாம் நாள். செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம், பன்னிரண்டு பேர், முகூர்த்தப் புடவை எடுக்க. அரக்கு நிறத்தில் மாங்காய் பார்டர் வேண்டும் என்றார்கள். கீழே இருந்ததையெல்லாம் போட்டாயிற்று. மேலே பார்த்து வருகிறேன் என்று நான் மாடிக்கு ஏறினேன். அந்த இடைவெளியில் கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார், "அரக்குல வேற இருக்குதாம்மா?" இந்தப் பெண் எழுந்து நின்று, பாடத்தில் படித்தபடி, தெளிவாக, சுருக்கமாக, உண்மையாகச் சொன்னது. "இல்ல மேடம். முடிஞ்சி போச்சி."

நான் படியிறங்கும்போது கல்யாணப் பெண்ணின் அத்தைக்காரி எழுந்து நின்றுகொண்டிருந்தார். "முகூர்த்தப் புடவ எடுக்க வந்த எடத்துல முடிஞ்சி போச்சின்ற? உன் வாயில நல்ல வார்த்தயே வராதா?"

"ஸ்டாக் இல்லன்னுதான் மேடம்..."

"மறுபடியும் இல்லன்னுது பாரு! எழுந்திருங்கடி எல்லாரும்."

பன்னிரண்டு பேரும் வாசலில் செருப்பைத் தேடி மாட்டுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்துக் கவுண்டர்காரர், "புக்குல பாஸ், கடையில ஃபெயிலு" என்று சொல்லிச் சிரித்தார்.

பட்டுக்கடைக்குள் இல்லை என்ற சொல் கிடையாது. வரவேண்டியிருக்கு என்போம். தீர்ந்தது என்று சொல்வதில்லை, நிறைஞ்சிடுச்சு என்போம். கடையைச் சாத்துவதில்லை, எடுத்து வைப்போம். விளக்கு அணைவதில்லை, குளிரும். யாரும் போவதில்லை, வருகிறேன் என்றுதான் எல்லோரும் கிளம்புவார்கள். இதெல்லாம் காற்றுப் போலப் பழகியதால் சொல்லித்தர வேண்டியது என்றே எனக்குத் தோன்றவில்லை. பார்டர் பெயர் சொன்னேன், ஜரிகை பார்க்கச் சொன்னேன், உட்காரும் விதம்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏம்மா, இத சொல்லிக் குடுக்கலியா நீ?"

"சொன்னேனே முதலாளி. மொத நாளே சொன்னேன்."

அது தானாக வந்தது. அந்த மாதம்தான் கடையில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது யார் என்று நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பின்னால் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அப்போது காரணம் எதுவும் இல்லை, பயம் மட்டும்தான். அந்தப் பெண் என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. 'இல்லக்கா, நீங்க சொல்லல' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விரிப்பில் கிடந்த அரக்குப் புடவையை, பழைய மடிப்பின் மேல் மடிப்பு உட்கார, மடித்து வைத்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னபோது, "சரி சார்" என்றது.

மறுநாள் காலை இரண்டு பீரியடுக்கு நடுவில் டீச்சர் ஓடி வந்தார். நெற்றி வேர்வையில் பொட்டு நகர்ந்திருந்தது. "பாடத்துல இல்ல சார். என் தப்பு. மீதி நாலு நாள் மட்டும் உள்ள மடிக்கிற வேலையாவது குடுங்க, அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து வேணும்" என்று கேட்டார். முதலாளி மசியவில்லை. "மத்த மூணு பேரு இருக்கட்டும் டீச்சர். எங்க ஆளு மொத நாளே சொல்லியும் வாய் கட்டாத பொண்ணு, இதுக்கு சரிப்படாது." டீச்சர் நேராக என் கவுண்டருக்கு வந்து, அந்த நீள நோட்டைப் பிரித்து வைத்தார். "அக்கா, சொல்லக்கூடாதது இன்னா இன்னா இருக்குதோ சொல்லுங்க. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்காவது எழுதி வெச்சிக்கிறேன்."

நான் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதினார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியை நான் கனவில்கூடக் கண்டதில்லை. ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை வந்தது. ஒன்பதுக்குப் பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, இத அந்தப் பொண்ணுகிட்ட மொதல்லயே சொல்லியிருந்தீங்களா?"

ஒரு சொல் போதும். இல்ல. முதலாளி பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் பதினேழு வருடமாகக் கடையில் பேசிப் பழகிய பேச்சையே பேசினேன். "சொன்ன மாரிதான் இருக்குது டீச்சர்."

வரவேண்டியிருக்கு, நிறைஞ்சிடுச்சு, சொன்ன மாரி இருக்குது. எல்லாம் ஒரே ரகம். டீச்சர் பேனாவை இறக்கவில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தாரோ என்னவோ. பிறகு பேனாவை மூடினார். "சரிக்கா. வர்றேன்."

அந்தப் பெண்ணுக்கு டீச்சர் மூங்கில் மண்டபம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மீதி நாளை முடித்துக் கொடுத்ததாக மற்ற மூவரும் சொன்னார்கள். பாஸ் பண்ணியது. எங்கள் கடை வேலை அந்த வருடம் வேறு பெண்ணுக்குப் போயிற்று. அடுத்த வருடமும் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை, அக்கா என்றுதான் அழைத்தார். ஆனால் சான்றிதழில் அந்தக் கட்டத்தை அவர் பிறகு நிரப்பவில்லை. நானே ஒன்பதாம் வகுப்பு என்று எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை, செல்லத்தான் செய்தது. அதற்கடுத்த வருடம் டீச்சர் வரவில்லை. தற்காலிக வேலை, எடுத்துவிட்டார்கள் என்றார்கள். கல்யாணமாகி வெளியூர் போனதாகவும் சொன்னார்கள். எது உண்மை என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

முசரவாக்கத்துப் பெண்ணை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது, ஒரு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தது. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, உட்காராமலே தூங்குகிற கண். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அதுதான் முதலில் கேட்டது. "இருக்கேன்மா" என்றேன். பஸ் வந்துவிட்டது. வந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே சலிப்பாக இருக்கிறது.

இப்போது அந்தத் தாள் என் கையில். புது சார் போன பிறகு பத்தாவது வரியைத் திரும்பப் படித்தேன். 'இவை வாங்க வருகிறவர்களுக்கு மட்டும். கூட வேலை செய்கிறவர் கேட்டால், இல்லை என்பதை இல்லை என்றே சொல்லவும்.' அவர் அதை அன்று ஆட்டோவில் போகும்போது எழுதினாரா, வீட்டில் உட்கார்ந்து எழுதினாரா, தெரியாது. என் பெயர் இல்லை, ஒரு குற்றச்சாட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாடம் மாதிரி இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் அதை எழுதிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

முதலாளி இப்போது வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டார். காலையில் மட்டும் வந்து கல்லாவில் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முதல் போணி இன்னும் ஆகவில்லை. போய் நின்றேன்.

"முதலாளி, அன்னிக்கு ஒரு பொண்ண நிறுத்தினீங்களே, முடிஞ்சி போச்சின்னு சொன்ன பொண்ணு."

"எந்தப் பொண்ணுமா?"

"பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துச்சே. முசரவாக்கத்துப் பொண்ணு. நான் சொல்லிக் குடுத்தேனான்னு கேட்டீங்க."

"யார் யாரோ வந்துக்கினு போயிக்கினு இருந்தாங்க. நீ சொல்லிக் குடுத்துதான் இருப்ப."

"இல்ல முதலாளி. சொல்லல."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் சுருங்கியது. "காலங்காத்தால, போணி ஆகல, கல்லா முன்னாடி நின்னுக்கினு இன்னாமா இல்லன்ற?" என்றார். "போ, போயி நல்ல வார்த்தயா பேசு."

திரும்பி என் இடத்துக்கு வந்தேன். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியாயிற்று. அவருக்கு அது ஒரு அபசகுனம், அவ்வளவுதான். கேட்க வேண்டியவர் அவர் இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விரிப்பின் ஓரத்தில் நான்கு பெண்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தி தாளை எட்டிப் பார்த்து, பயந்து பயந்து, "அக்கா, நீங்களே இல்லன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். உறையிலிருந்து தாளை எடுத்து, 'ழ'வின் வாலைச் சுழிக்கும் அந்தக் கையெழுத்தில் இருந்த கடைசி வரியின் மேல் விரலை வைத்தேன். "பத்தாவத மொதல்ல படி."