சாம்பல் போட்ட காடினியா

காடினியாப் பூவின் வாசத்தை யாராவது புகழ்ந்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். நல்ல வாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செடியை வைத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் கடித்துக் குதறாத குறையாக வாழ்ந்தோம். அதில் ஒருத்தி நான். ஆகவே அதைப் பற்றி இனிப்பாக எழுத என்னால் ஆகாது.

மற்றவள் என் மச்சாள், கணவரின் அக்கா. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். கணவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை கிடைத்தபோது, தம்பிக்குச் சமைத்துப் போட யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்தவள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அடுப்படி, கிணற்றடி, சாமி அறை மூன்றும் அவள் கையில் இருந்தன. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் வேண்டும். பேனா வளைய மாட்டேன் என்கிறது.

செடி வந்த கதை இது. கணவரின் கந்தோர்த் துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பினார். வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நல்ல கதிரை மேசையெல்லாம் பெரிய கிளார்க்குமார் எடுத்துக்கொள்ள, இவருக்குக் கிடைத்தது ஒரு பூச்சாடி. அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கரும்பச்சை இலை, எண்ணெய் தடவியது போல மினுங்கியது.

"துரையின்ர கோட்டில குத்துற பூ இதுதான்" என்றார்.

நான் கையை நீட்டுவதற்குள் மச்சாள் வாசற்படியில் இறங்கிச் சாடியை வாங்கிக்கொண்டாள். அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில், காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். அன்றோடு அது அவளுடைய செடி.

முதல் இரண்டு மாதம் ஐந்தாறு பூப் பூத்தது. ஒன்றுகூட என் தலைக்கு வரவில்லை. எல்லாம் சாமிப் படத்துக்குப் போனது. நான் ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பூத்ததைச் சாமிக்கு வைச்சால்தான் பிறகும் பூக்கும்" என்றாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் நான், எனக்கு ஒரு பூ இல்லையா என்று வயிறெரிந்தது. அவளும் தலையில் பூ வைக்க முடியாதவள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் இரங்கியிருப்பேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

செடியை அவள் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். விடிந்ததும் அடுப்பிலிருந்து முதல் நாள் சாம்பலை வாரி, அரித்து, கல் கரி இல்லாமல் மாவாக்கி, செடியைச் சுற்றித் தூவுவாள். அதன்மேல் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு. ஊரில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அப்படித்தான் செய்வோம்; பூச்சி அண்டாது, பயிர் கொழுக்கும். சாம்பல் கூடாது என்று ஒரு செடி உலகத்தில் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

மூன்றாம் மாதம் தளிர் மஞ்சளாகியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளிறியது. மொட்டு வரும், பருக்கும், விரிகிற நேரத்தில் காம்போடு விழும். மச்சாள் சாம்பலை இரட்டிப்பாக்கினாள்.

அதே காலத்தில்தான் எனக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. அடுத்த வருடம் இரண்டாவது, ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலைந்து நாள் இருக்கும். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"என்ன செய்யிறது தம்பி, உந்த வீட்டில எல்லாம் மொட்டோடயே விழுது."

அறைக்குள் படுத்திருந்த எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். அவர் தட்டை நீட்டினார். சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னார். அவள் சொன்னதையாவது ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்தச் சொதியை நான் மன்னிக்கவேயில்லை.

பிறகு அவள் நாக்கு நிற்கவில்லை. என் கைராசி சரியில்லையாம். நான் மாதத் துடக்கு நாட்களில் செடிக்குக் கிட்டப் போனேனாம், அதனால் அது பட்டுப்போனதாம். செடிப்பக்கம் நான் போகக்கூடாது என்று கட்டளை வந்தது. அதற்கு மேல், "ஊருக்கு அனுப்பு தம்பி. தாய் வீட்டில கிடந்து உடம்பைத் தேத்தட்டும்" என்று காலையும் மாலையும் ஓதத் தொடங்கினாள்.

உடம்பைத் தேற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஊரில் எங்கள் தெரு ஒழுங்கையில் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பி வைத்தார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. இரண்டு வருடத்தில் புருஷன் வேறு கட்டினான். அவள் தாய் வீட்டுக் குசினியில் சம்பளமில்லாத வேலைக்காரியாகக் கிடந்து நரைத்தாள். என் மச்சாளின் மனதிலும் தம்பிக்கென்று சொந்தத்தில் ஒரு பெண் இருந்தது எனக்குத் தெரியும். ஊருக்கு ரயிலேறினால் எனக்குத் திரும்பி வரும் ரயில் கிடையாது. எனக்கு வெள்ளவத்தையை விட்டுப் போக விருப்பமில்லை. அந்தப் புருஷனை விட்டுக்கொடுக்கவும் விருப்பமில்லை, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும்.

பக்கத்து வீட்டில் ஒரு பறங்கி நோனா இருந்தா, ஐரோப்பியக் கலப்புக் குடும்பத்துச் சீமாட்டி. தனிக்கட்டை. எங்கள் மீன் குழம்பு மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறவ. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போகும்போது சட்டையில் ஒரு காடினியா குத்திக்கொண்டு போவா. ஒரு காலை, மச்சாள் சாம்பல் தூவுவதை மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு, என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, சாம்பல் போடாதே என்று சிங்களத்தில் தொடங்கி ஏசினா.

"அளு தான்ன எப்பா! சாம்பல் போட்டு யாரு அந்த மரத்தைக் கொல்றது? அதுக்குப் புளிப்பு மண் வேணும், மழைத் தண்ணி வேணும். உங்க கிணத்துல கடல் உப்பு. மடைச் சனம்."

மடைச் சனம் என்றது சுட்டது. ஆனாலும் சொன்னதை மனதில் முடிந்துகொண்டேன். அன்று மத்தியானமே மச்சாளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"எங்கட வளவில சாம்பல் போடாமல் எது வளந்தது? பறங்கிச்சி சொல்லித்தான் நான் செடி வளக்க வேணுமோ? கண்டறியாத கதை."

சரி, நீ போடு என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவள் செடியில் இன்னும் பச்சை மிச்சமிருந்த மூன்று கொப்பை வெட்டினேன். பிஸ்கட் தகரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, ஆற்று மணல் நிரப்பி நட்டு, மேலே ஜாம் போத்தலைக் கவிழ்த்தேன். ஒளிக்கவில்லை. முன்வாசலில் எல்லோரும் பார்க்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கணவரோடு ரயில் பாதையோரம் கடல் பார்க்கப் போனபோது கதையை எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, அந்தத் தகரத்தில இருக்கிறது என்ர செடி. அதுக்கு ஒருத்தரும் சாம்பல் போடக்கூடாது. அது பூக்குமட்டும் என்னை ஊருக்கு அனுப்புற கதை இந்த வீட்டில எடுக்கக்கூடாது. பூக்காட்டி நானே பெட்டியைக் கட்டுறன்."

அவர் சண்டையென்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிற ஆள். "சரி, சரி. உமக்கு விருப்பமெண்டால் அப்பிடிச் செய்யும்" என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொன்னார்.

"குச்சி பூக்கிற காலத்திலதானே?" என்றாள் மச்சாள். "இருக்கட்டும், இருக்கட்டும்."

மூன்றில் இரண்டு குச்சி கறுத்துச் செத்தது. அவள் ஒவ்வொரு காலையும் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாவது ஒட்டிக்கொண்டது. நோனாவின் பலாமரத்தடியில் மக்கிய சருகை ஒரு கடகப் பெட்டி நிறையக் கேட்டு வாங்கினேன். தருவதற்கு முன் கால் மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன். தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் போட்டேன். கூரைப் பீலியின் கீழ் பீப்பா வைத்து மழைத் தண்ணீர் பிடித்து, அதைத்தான் ஊற்றினேன். இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சி வந்தபோது சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தேன். எனக்குச் செடி வளர்ப்பில் ஆசை என்று நினைக்கவேண்டாம். நான் வளர்த்தது என் வீம்பை.

அந்தப் பக்கம் மச்சாளும் விடவில்லை. என்னோடு போட்டிக்காக இன்னும் நேரத்தோடு எழும்பி, இன்னும் நன்றாக அரித்து, இன்னும் கூடச் சாம்பல் போட்டாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அதுதான். இலையெல்லாம் கொட்டியது. கடைசியில் ஐந்து குச்சி நின்றது. அவள் அதற்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு குச்சியையும் விரலால் தடவுவதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. மழைக்குப் பிறகு என் செடியில் மொட்டு வந்தது, விளக்குத் திரி முறுக்கினது போல. இடம் மாற்றினால் மொட்டுக் கொட்டும் என்று நோனா பயமுறுத்தியிருந்ததால் தகரத்தை ஒரு விரல் அகலம்கூட அசைக்கவில்லை. முற்றம் கூட்டும்போதும் அதைச் சுற்றிக் கூட்டினேன். பத்துப் பன்னிரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு காலை விரிந்திருந்தது. பக்கத்தில் இன்னும் ஐந்து மொட்டு, ஒன்றும் விழவில்லை. கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். அவர் இதைப் பார்த்தார். எட்டிப் போய் அடுப்படி வாசலில் நின்ற குச்சிகளையும் பார்த்தார்.

"அக்கா, சாம்பல்தான் போல" என்றார்.

மச்சாள் சாம்பல் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, என் செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் செடியைச் சாகடிச்சனானோ?"

"சாம்பலும் கிணத்துத் தண்ணியும்" என்றேன் நான். கணவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அந்தப் பூவை நான் பறித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். சாமிக்கு வைக்கவில்லை.

மத்தியானம் நான் அடுப்படியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வந்து முன்னால் இருந்தாள்.

"பிள்ளை" என்றாள். அத்தனை வருடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீ வயித்தோட இருக்கேக்க, ரெண்டு முறையும், விடியக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுத் தந்தது நான்தானே."

"ஓம், நீங்கள்தான்."

"நல்லதெண்டுதான் தந்தனான். ஒரு நாளும் தவற விடேல்லை." கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுவும் என்ர கையாலதானோ?"

அந்தக் கொத்தமல்லி, சுக்குத் தண்ணீரைப் பற்றி ஆஸ்பத்திரியில் நானே லேடி டொக்டரிடம் கேட்டிருந்தேன். அவளில் பழி போடக் கிடைக்காதா என்ற நப்பாசையில்தான் கேட்டேன். அதால் ஒருத்தருக்கும் ஒன்றும் வராது, சில பேருக்கு இப்படி நடக்கும், யாருடைய பிழையுமில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தா. ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று எந்தச் சாமிக்கு முன்னாலும் நான் சொல்ல முடியாது.

மச்சாள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்.

அவள் முறித்த காயை வாரி எடுத்தாள். எழுந்து போய் மிச்சச் சமையலை முடித்தாள். அந்தக் கிழமையே, கொழும்புக் காற்று தனக்கு ஒத்துவரவில்லை என்று தம்பியிடம் சொல்லி, காலை ரயிலில் யாழ்ப்பாணம் போனாள். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அடுப்படி, கிணற்றடி, சாமி அறை மூன்றும் என் கைக்கு வந்தன. என்னை ஊருக்கு அனுப்பும் கதையை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆறு மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். மச்சாள் வாசல் படலையடிக்கு வந்தாள். வற்றிப் போயிருந்தாள். நான் குழந்தையை அவளிடம் நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போய், இரண்டு கைகளையும் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் பிள்ளை, நீயே வைச்சிரு" என்றாள். "நான் தள்ளி நிண்டு பாக்கிறன்."

நாங்கள் அங்கே நின்ற பத்து நாளும் அவள் குழந்தையை ஒரு முறையும் தொடவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.