அத்தா கழுவிய மூக்கு

சுவீடனில் எங்கள் பேராசிரியர் லார்ஸ் மூக்கைச் சிந்துவார். சிந்தியதைக் கைக்குட்டையில் மடித்துக் கால்சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொள்வார். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் தாம்பரம் பக்கம் எங்கள் அஸ்தினாபுரத்தில் மூக்கைச் சிந்த வேண்டுமென்றால் குழாயடிக்குப் போவோம். தண்ணீரோடு போனது போனதுதான். அதைச் சேர்த்து வைப்பவனை எங்கள் தெருவில் பைத்தியம் என்பார்கள். இப்போது அதுதான் என் தொழில்.

ஒவ்வாமையால் மூக்கின் உட்புறம் எவ்வளவு அழன்றிருக்கிறது என்பதை மூக்குநீரைச் சோதித்துச் சொல்லலாம். அதை எப்படி எடுப்பது என்பதில்தான் எனக்கும் லார்ஸுக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு. உப்புநீரை மூக்கில் விட்டு, திரும்ப வழிவதைக் கோப்பையில் பிடிப்பது அவர் வழி. சாம்பாரில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்புப் பார்க்கிற வேலை அது என்பது என் கட்சி. சின்னப் பஞ்சுத்துண்டைச் சில நிமிடம் நாசிக்குள் செருகி, ஊறியதைப் பிழிந்தால் அசல் சரக்கே கிடைக்கும். நிரூபித்துக் காட்டு என்றார் லார்ஸ். காட்டாவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது, விசாவும் அதோடு சரி.

2006 விடுமுறைக்கு முறையான அனுமதிகளோடு பஞ்சும் குப்பிகளுமாக ஊருக்கு வந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் அத்தாவுக்கு, மிளகாய், மல்லிக் கடை. தூசிக்கு அவர் தும்மாத நாளில்லை. அவர் தும்மினால் எதிர்க்கடை சண்முகம் அண்ணன் கிளம்பிய காரியத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாவம், நாளில் பாதி நேரம் அவர் உட்கார்ந்தே இருந்தார். இதைவிட நல்ல மூக்கு எனக்கு எங்கே கிடைக்கும்?

தினமும் காலையில், ஒரு நாள் பஞ்சு, மறுநாள் உப்புநீர் என்று எடுத்து, உறையவைத்து அனுப்பினேன். இரண்டு முறையிலும் ஒன்றுமே இல்லை. பச்சைக் குழந்தையின் மூக்குபோல் இருக்கிறதே, குப்பிகள் மாறிவிட்டனவா என்று லார்ஸ் மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டிருந்தார். சுவீடன்காரர்கள் திட்டுவது இப்படித்தான். குரல் உயராது, வேலை போய்விடும்.

மறுநாள் காலை குழாயடியில் சத்தம் கேட்டுப் போனேன். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் அத்தா, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்வதுபோல் மூக்கில் தண்ணீரை இழுத்து இழுத்துச் சீறிக்கொண்டிருந்தார். ஒளுவுக்கு மூன்று தடவை போதும், இவர் அதற்கும் மேல். என்ன பண்றீங்க அத்தா என்றேன்.

"நீ மூக்குக்குள்ள குனிஞ்சு பாக்கப்போற. அழுக்கா வெச்சுக்கினு உக்காரவாடா? படிச்ச புள்ள கையில என் சளி படலாமா?"

சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். சோதனைக்கு முன் மூக்கைச் சுத்தம் செய்யக் கூடாது என்று சுவீடன் ஆட்களுக்கு அச்சடித்துக் கொடுத்தவன், அத்தாவிடம் வாயால்கூடச் சொல்லவில்லை. அத்தாதானே என்ற இளக்காரம். வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து கடையிலேயே, சாயங்கால அஸர் தொழுகைக்கு அத்தா ஒளு செய்வதற்கு முன்பாக எடுத்தேன். சட்டையில்லாமல் விருந்தாளி முன் மாட்டிக்கொண்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்புநீரில் மங்கலாகத் தெரிந்த அழற்சி, பஞ்சில் பளிச்சென்று தெரிந்தது. லார்ஸ் ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் நீண்டது.

சுவீடனுக்கு வாங்க என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். குளிர் ஒத்துக்காது என்று அத்தா மறுத்துவிடுகிறார். மிச்சமிருந்த அவருடைய மூக்குநீர் மட்டும் எங்கள் ஆய்வகத்து உறைபெட்டியில், மூன்றாவது தட்டில் குடியிருக்கிறது. போன ஞாயிறு தொலைபேசியில் நான் தும்மியதைக் கேட்டுவிட்டு, அவருக்கே உரிய அக்கறையோடு விசாரித்தார்.

"ஏண்டா, என் சளிக்கு அங்க குளிரலையா?"

"குளிருது அத்தா" என்றேன், மூக்கைத் துடைத்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தபடி.