கூட்டினால் மிஞ்சும் வோல்ட்

கல்யாணமான முதல் வருடம் நான் என் கணவருக்குக் கரண்ட் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மற்ற பெண்கள் அந்த வருடத்தில் சினிமாவுக்குப் போயிருப்பார்கள், பிருந்தாவனத் தோட்டம் பார்த்திருப்பார்கள். நான் ஓம், வோல்ட், ஆம்பியர் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுக்கார அம்மா, பின்பக்கம் நாங்கள், நடுவில் துணி துவைக்கிற கல். என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். எலெக்ட்ரீஷியன் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். அங்கே அவர் பெயர் டெம்ப்ரவரி. டெம்ப்ரவரி ஆட்களுக்கு ஒரு டிரேட் டெஸ்ட் வைப்பார்கள். காலையில் எழுத்து, மத்தியானம் வாய்மொழி. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் அடுத்த மாதம் கேட்டுக்குள் விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

தேறாவிட்டால் மார்டள்ளிக்குப் போகவேண்டும். அது அவருடைய ஊர், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். மாமனாருக்கு அங்கே நிலம் இருந்தது, ராகியும் மக்காச்சோளமும் போடுவார்கள், என்னை மருமகள் என்று நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவள். பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் இல்லாத இடத்தில் இரண்டு நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதமாட்டேன். வெட்கம் இல்லை, பயம்தான் இருந்தது. காலையில் அடுப்பு பற்றவைக்கும்போதே அந்தப் பயமும் பற்றிக்கொள்ளும்.

அவருக்கு? ஒன்றும் கிடையாது. சாப்பிட்டார், தூங்கினார், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். "பாத்துக்கலாம் அம்மிணி" என்பார். அவர் ஊர்ப் பக்கத்தில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முதலில் யாரோ பணக்கார வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. அந்தப் 'பாத்துக்கலாம்' மட்டும் கடைசிவரை பழகவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவள் நானாக இருந்தேன் அல்லவா? பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்தவள் நான். படித்த மருமகள் வந்திருக்கிறாள், இனிமேல் அவனுக்கு என்ன கவலை என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என் கணவர் தோற்றால் அது என் தோல்வி.

கூட வேலை பார்த்த ஒருவர் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். எல்லாம் பயிற்சிக் கணக்குகள், ஆங்கிலத்தில். விடைகள் கடைசித் தாளில். அவர் படித்தது கன்னட மீடியம். நான் ஆங்கிலத்தில் வாசிப்பேன், தமிழில் விளக்குவேன், அவர் கன்னடத்தில் பெருக்குவார். அவருடைய வாய்ப்பாடு முழுக்கக் கன்னடம். விடை வந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுவார். என் தமிழைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. 'இல்லையா' என்று கேட்கவேண்டிய இடத்திலெல்லாம், வாக்கியத்துக்கு வாக்கியம் 'அல்வா, அல்வா' என்று கன்னடம் போடுகிறேனாம்.

"அல்வா அல்வான்னு சொல்லிச் சொல்லியே பசியைக் கெளப்பறே" என்பார்.

நேர் மின்சாரக் கணக்குகள் அவருக்குப் பிடித்துப்போயின. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, இரண்டு, நான்கு, ஆறு ஓம் என்று மூன்று தடைகள் வரிசையாக. கரண்ட் ஒரு ஆம்பியர். முதல் தடையில் இரண்டு வோல்ட், அடுத்ததில் நான்கு, அடுத்ததில் ஆறு. கூட்டினால் பன்னிரண்டு. அந்தக் கூட்டல் சரியாக வந்ததும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"வந்தது பன்னெண்டு, போனது பன்னெண்டு. நேர்மையா இருக்குது பாரு!"

அதிலிருந்து எந்தக் கணக்கானாலும் கடைசியில் கூட்டிப் பார்ப்பது அவர் வழக்கமாகிவிட்டது. கடைசித் தாளைப் புரட்டவே மாட்டார். கூட்டினால் சப்ளை வோல்ட் வரவேண்டும், வந்துவிட்டால் விடை சரி. எனக்கும் அது நல்ல பழக்கமாகத்தான் பட்டது. பரீட்சையில் அந்தக் கடைசித் தாள் பக்கத்தில் இருக்கப்போவதில்லையே.

ஒரே ஒரு கணக்கை மட்டும் நான் தாண்டிப் போனேன். ஒரு மனிதனின் உடல் தடை ஆயிரத்து நூற்றைம்பது ஓம், அவன் இருநூற்று முப்பது வோல்ட் கம்பியைத் தொடுகிறான், கரண்ட் எவ்வளவு? எவன் இப்படியெல்லாம் கணக்கு எழுதுகிறானோ. தாளைத் திருப்பிவிட்டேன்.

"அதை ஏன் உட்டுட்டே?"

"அது வேண்டாம்."

அவர் வேலைக்குப் போனபிறகு நானே போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி இரண்டு ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் கால்வாசியே போதும் என்று காலேஜில் படித்திருந்தேன். அன்று அவர் வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பிறகு மாறு மின்சாரம் வந்தது, சனியும் கூடவே வந்தது.

ஒரு தடையும், காயில் என்கிற கம்பிச்சுருள் ஒன்றும் வரிசையாக, சப்ளை இருநூற்று முப்பது. தடை முப்பது ஓம், காயிலின் எதிர்ப்பு நாற்பது. இந்தக் கணக்கில் முப்பதையும் நாற்பதையும் கூட்டக்கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் ஐம்பது. கரண்ட் நான்கு புள்ளி ஆறு. தடையில் நூற்று முப்பத்தெட்டு வோல்ட், காயிலில் நூற்று எண்பத்து நான்கு. இவ்வளவையும் அவர் தப்பில்லாமல் போட்டார். நான் சந்தோஷமாக ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நூற்று எண்பத்து நான்கை அடித்துவிட்டு, பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"இருநூத்தி முப்பதுல நூத்தி முப்பத்தெட்டு போனா தொண்ணூத்திரெண்டு. கணக்கு சரியா வரணுமில்ல?"

"நீங்க முதல்ல போட்டதுதாங்க சரி!"

"அதெப்படி சரியாவும்? ரெண்டையும் கூட்டினா முன்னூத்தி இருவத்திரெண்டு வருது. லைன்ல வர்றதே இருநூத்தி முப்பது. மிச்சம் என்ன உங்கப்பா ஊட்டுலருந்தா வருது?"

நான் அம்புக்குறி போட்டு விளக்கினேன். தடை வோல்ட் இப்படிப் படுக்கையாக, காயில் வோல்ட் இப்படி நிமிர்ந்து, மூலைவிட்டம்தான் சப்ளை. காலேஜில் பக்கம் பக்கமாக வரைந்த படம். அவர் அதைப் பார்த்துவிட்டு, கரண்டுக்கு உன் அம்புக்குறி தெரியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"எழுதச் சொன்னா எழுதுங்களேன்! ஏன் எதுக்குன்னு பரீட்சையில கேக்கமாட்டாங்க."

"பொய்க்கணக்கு எழுதமாட்டேன்" என்றார். அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் காயில் வந்த கணக்குகளில் எல்லாம் இதே கதை. சரியாகப் போடுவார், கூட்டிப் பார்ப்பார், மிஞ்சியதைக் கழித்து 'நேர்மையாக' மாற்றிவிடுவார். பாதிக் கேள்விகள் மாறு மின்சாரத்தில்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மார்டள்ளி பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்தார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சிநேகிதரிடமிருந்து ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தார். எங்கள் டியூப்லைட்டைக் கழற்றி அதன் சோக்கை எடுத்தார். சோக் என்பது வேறொன்றுமில்லை, இரும்பில் சுற்றிய காயில்தான். அதையும் ஒரு குண்டு பல்பையும் வரிசையாகச் சேர்த்து, சமையலறைத் தரையில் வைத்து, ஸ்விட்சைப் போட்டார். பல்பு மந்தமாக எரிந்தது. தரையில் திறந்த கம்பிகள். எனக்கு அந்தப் பூஜ்யம் புள்ளி இரண்டு ஞாபகம் வந்துவிட்டது.

"செருப்புப் போட்டுக்குங்க. கையைத் தள்ளிப் பிடிங்க. ஐயோ, வேண்டாங்க, எடுத்துருங்க."

"தெனமும் இதானே என் பொழப்பு. சும்மா இரு."

பல்பின் மேல் நூற்று ஐம்பத்தைந்து. சோக்கின் மேல் தொண்ணூற்றைந்து. கூட்டினால் இருநூற்றைம்பது. பிறகு ப்ளக்கிலேயே வைத்துப் பார்த்தார். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதுமே படுத்துக்கொள்ளும். சப்ளையே நூற்றுத் தொண்ணூறுதான் இருந்தது. மூன்றையும் திரும்பத் திரும்ப அளந்தார். மீட்டரைத் தட்டினார். பேட்டரி போயிருக்கும் என்றார். வேறு பேட்டரி போட்டும் அதேதான் காட்டியது.

"வர்றதே நூத்தித் தொண்ணூறு. அதெப்படி அம்மிணி?" இந்த முறை குரலில் சண்டை இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது, சொல்ல என்னிடம் அம்புக்குறிதான் இருந்தது. அழுகை வந்தது. அப்போதுதான் வாயில் என்னவோ வந்தது.

"நான் கத்தறப்போ நீங்க கத்தறீங்களா?"

"இல்ல."

"நான் கத்தி முடிச்சு, அடங்கி, சாப்பாடு போட்டப்புறம்தானே உங்களுக்குக் கோபம் வரும்?"

"எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்று ஒப்புக்கொண்டார்.

"வீட்டுக்கார அம்மா என்கிட்ட வந்து எவ்வளவு கோபம்னு கேட்டா நான் என் உச்சத்தைச் சொல்வேன். உங்ககிட்டக் கேட்டா உங்க உச்சத்தைச் சொல்வீங்க. ரெண்டையும் கூட்டிப் பார்த்தா இந்த வீடு எப்பவோ இடிஞ்சிருக்கணும், அல்வா? ஏன் இடியலை? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வரலை. காயிலோடது உச்சத்துக்குப் போறப்போ பல்போடது சைபர். பல்போடது ஏர்றப்போ காயிலோடது இறங்கிடும். எந்த நேரத்துல பார்த்தாலும் ரெண்டும் சேர்ந்து லைனைத் தாண்டாது. மீட்டர் ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிக்குது, அவ்வளவுதான்."

அவர் பல்பைப் பார்த்தார், சோக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப பொய்க்கணக்கு இல்ல" என்றார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஜெராக்ஸ் கட்டை எடுத்துத் தாம் அடித்துவைத்த விடைகளையெல்லாம் திரும்ப எழுத ஆரம்பித்தார். நான் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே அது புரிந்தது என்பதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

டெஸ்ட் அன்று அவர் சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேள்வித்தாளைப் பிடுங்கினேன். காயில் கணக்கு இருந்தது. மாற்றாமல் எழுதினாராம். வாய்மொழியில், கூட்டினால் ஏன் மிஞ்சுகிறது என்று கன்னடத்தில் கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்ம ஊட்டுச் சண்டையைச் சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத அதிகாரி முன்னால் என் கோபத்தையா எடுத்து வைத்தீர்கள், அவர் என்ன நினைத்திருப்பார், சிரித்தாரா, முறைத்தாரா என்று கத்தினேன். அவர் அமைதியாகக் கால் கழுவினார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, எழுதிக்கொண்டார் என்றார். எழுதிக்கொண்டது நல்லதா கெட்டதா என்று ரிசல்ட் வரும்வரை நான் குழம்பிக்கொண்டே இருந்தேன். சோறு இறங்கவில்லை. அவர் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது என்று மனசுக்குள் திட்டினேன்.

ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே சைக்கிள் சத்தம் கேட்டது. துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நேரத்துக்கு முன்னால் வந்தால் என்ன அர்த்தம்? கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்களா? அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"போர்டுல பேரு போட்டிருக்காங்க. என் பேரும் இருக்குது."

நான் அழுதேன், சிரித்தேன், சோப்புக் கையோடு முன்பக்கம் ஓடி வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா என் வாயில் சர்க்கரை போட்டார். எவ்வளவோ நாளாக இருந்த பயம் கரைந்து, உடம்பு லேசாகிவிட்டது. என் கணவருக்கும் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் துவைக்கிற கல்லில், ஈரத்தின்மேல், ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க ஆச்சு? ஜுரமா?"

"இல்ல. நிக்கமாட்டேங்குது, பாரு."

"அதான் பாஸாயிட்டீங்களே. இப்போ எதுக்கு?"

"தெரியல அம்மிணி. இத்தனை நாளா வரலை. போர்டைப் பாத்துட்டுச் சைக்கிளை எடுத்தேன், அப்ப புடிச்சுக்கிச்சு." சைக்கிளைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "பேரு இல்லாமப் போயிருந்தா, உன்னைக் கூட்டிட்டுப் போய் அந்த ஊருல எப்படி வெச்சிருப்பேன்? நீ மொகத்துல காட்டாமத்தான் இருந்திருப்பே. எனக்குத் தெரியாதா?"

மார்டள்ளியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. என் கையிலிருந்த சர்க்கரை ஈரத்தில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது பயம் என்று துளியும் இல்லை. அவர் பக்கத்தில் அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து, நடுக்கம் இறங்கும்வரை அவர் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.